திவ்யாம்மா எடுத்த படங்கள்

அந்த அக்கா எடுத்த போட்டோவில் யாருமே அசிங்கமாக இருந்ததில்லை. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் எந்த வீட்டு ஆல்பத்தைத் திறந்து பார்த்தாலும் இது தெரியும். வளைகாப்பில் அழுது வடிந்த பெண், பிறந்தநாள் கேக் முன்னால் அடம் பிடித்த பிள்ளை, நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவந்து வந்த ஆண்கள் என்று எல்லோரும் அவள் படத்தில் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, தலை வாரி வந்து நின்றவர்களைப் போல இருப்பார்கள்.

எடுத்த உடனே கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் மூக்கு லேசாகச் சுருங்கும். அடுத்த நொடி கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிடும். படம் போய்விடும்.

"கண்ண மூடிட்ட. திரும்ப நில்லு."

திரும்ப நிற்போம். வாய் கோணிக்கொண்டது, முந்தானை ஒதுங்கியது, பின்னால் நாய் வந்தது என்று ஒவ்வொன்றாக அழிந்துபோய்க் கடைசியில் ஒன்று மிஞ்சும். அதுதான் ஆல்பத்துக்குப் போகும். அவளுக்கு இது தொழில் இல்லை, ஆசை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கூப்பிடாமலே கேமராவோடு வந்து நிற்பாள். அவள் வராவிட்டால்தான் விசேஷத்தில் ஏதோ குறை என்று நினைப்போம்.

எல்லோருக்கும் அவள் திவ்யாம்மா. பிள்ளை பெயரைச் சொல்லி அழைப்பதுதான் எங்கள் சுரங்க நகரியத்தின் வழக்கம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரரை எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி அண்ணாச்சி என்றேன். அந்தப் பக்கத்துக்காரருக்கு அது புதிது. ஆரம்பத்தில், "என்னாது, மளிகைக் கடை வச்ச மாரி கீது" என்று கேலி செய்தார். பிறகு அதுவே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து நாங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த அன்று, முதலில் வந்தவள் அவள்தான். ஒரு கையில் கேசரி, மறு கையில் கேமரா. ராத்திரி முழுக்க ரயில், அப்புறம் பஸ். என் பையன் என் சேலையில் வாந்தி எடுத்திருந்தான். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே நின்ற எங்களை ஒன்று எடுத்தாள். பார்த்தாள். அழித்தாள்.

"போயி மூஞ்சி கழுவிகினு வேற பொடவ கட்டிகினு வா செல்வி. மொதோ நாள் போட்டோ, நாளைக்குப் பாத்தா நல்லாயிருக்கணும்ல?"

அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நாங்கள் எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிறோம். அன்று நான் பட்ட பாட்டில் ஒரு துளிகூட அதில் இல்லை.

படத்தில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான். கோலத்தில் ஒரு இழை தடித்துவிட்டால் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு முதலிலிருந்து போடுவாள். கோணலாக வந்த தோசை யார் தட்டுக்கும் போகாது. திவ்யாவின் ரெக்கார்டு நோட்டில் ஒரு அடித்தல் இருந்தால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுவாள். திவ்யா முனகிக்கொண்டே எழுதும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பண்ருட்டியில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவள். நெகட்டிவின் மேல் மெல்லிய பென்சிலை வைத்துப் பருவையும் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மறைக்கிற வேலை.

"மாப்ள வூட்டுக்குப் போற போட்டோ எல்லாம் என் கைக்குத்தான் வரும். எத்தினி பொண்ணுங்களுக்கு நான் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அங்கே வேலை செய்த காலத்தில் வாங்கிய பிலிம் கேமரா ஒன்று அவளிடம் இருந்தது. திவ்யா பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் சேர்ந்தது எல்லாம் அதில் எடுத்தவைதான். திவ்யா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அக்காவின் தம்பி மஸ்கட்டிலிருந்து டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்தான். அன்றோடு பழையது பீரோவுக்குள் போய்விட்டது. "பிலிம்ல கழுவி வந்தாத்தான் எப்படி வந்திருக்குன்னே தெரியும். பாதிக்கு மேல வீணாப் பூடும். இதுல வீணுங்கற பேச்சே இல்ல" என்பாள்.

திவ்யா ஒல்லியான பெண். அப்பாவைப் போல அதற்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சிரித்தால் அந்தப் பல் தனியாக முன்னால் வரும், கண் இரண்டும் காணாமல் போய்விடும். எங்கள் வீட்டில் டி.வி. பார்க்கும்போது அது சிரிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். கேமராவைத் தூக்கினால் போதும், உதட்டைச் சேர்த்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து, "வாய மூடு, கண்ணத் தொற" என்று கேட்டுப் பழகிய முகம்.

ஒருநாள் என்னிடம், "இது அம்மாவுக்கு வைக்கற மூஞ்சி ஆன்ட்டி" என்று சொல்லி அந்த முகத்தை வைத்துக் காட்டியது. பிறகு, "இது என்னுது" என்று நாக்கைத் துருத்திக் கண்ணை உருட்டியது. அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

‘தானே’ புயல் அடித்த மறுநாள் காலை நகரியமே வெளியே வந்து நின்றது. சாலை எது, தோட்டம் எது என்று தெரியாமல் மரங்கள் விழுந்து கிடந்தன. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலா மரம் காம்பவுண்டை உடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. திவ்யா நைட்டியோடு அந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தலையெல்லாம் இலை. முட்டியில் சிராய்ப்பு. மரத்தைத் தாண்டி வர முயன்ற என் கணவர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். அவ்வளவுதான், திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. அக்கா கேமராவை அமுக்கினாள்.

நான் அவள் தோள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் அவள் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போய்விட்டது.

"ச்சீ, பேய் மாரி இருக்குது. எறங்கிப் போயி தலய வாரிகினு வா. நல்லதா ஒண்ணு எடுக்கலாம்."

திவ்யா இறங்கிப் போய்த் தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறி உட்கார்ந்தது. அந்தப் படம் இருக்கிறது. ஊரே விழுந்து கிடக்க, நடுவில் ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ போல ஒரு பெண்.

அடுத்த மழைக்காலத்துக்குள் திவ்யா போய்விட்டது. காய்ச்சல் என்று படுத்தது. முதல் இரண்டு நாள் என் வீட்டு ரசம்தான் கேட்டு வாங்கிக் குடித்தது. டெங்கு என்று தெரிந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் ஏறும்போது, "ஆன்ட்டி, என் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வையுங்க" என்றது. வாரம் முடிவதற்குள் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். அக்காவே எழுந்து போய் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றைத் திறந்தாள், அடுத்ததைத் திறந்தாள். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், ஆண்டுவிழா. சட்டை மாறியது, பாவாடை மாறியது, உயரம் மாறியது. முகம் மட்டும் ஒன்றேதான். உதடு சேர்ந்து, தாடை இறங்கி, கண் பெரிதாகி. அம்மாவுக்கு வைக்கற மூஞ்சி.

ஒரு பல் தெரிகிற படம் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவளுடைய கை மவுஸில் இருந்தபடியே நின்றுவிட்டது.

அண்ணாச்சிதான் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து பிரேம் போட்டுக்கொண்டு வந்தார். கருமாதி முடிந்த மறுநாள் அக்கா அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். "இது அவ இல்ல" என்றாள். அவர் திரும்ப மாட்டினார். அவள் திரும்பக் கழற்றினாள். சண்டையெல்லாம் இல்லை. பேசாமல் மாட்டுவார், பேசாமல் கழற்றுவாள். பிறகு சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அப்போதுதான் இன்னொரு விஷயம் எனக்குப் பட்டது. யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. திவ்யாம்மா என்று எப்படிக் கூப்பிடுவது? வேறு பெயரும் தெரியாது. கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயிலில், எதிரே வந்தவர்கள், "என்னங்க, நல்லாருக்கீங்களா" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அழித்த படங்களைத் திரும்ப எடுக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவள் அண்ணன் மகனிடம் கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்து அனுப்பினாள். ஒரே கார்டில் வருடக் கணக்காக எடுத்து, அழித்து, அதன் மேலேயே எடுத்திருக்கிறாள். அவனும் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். வந்தவை எல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தன. யார் வீட்டுக் கொலுவிலோ ஒரு பொம்மை. ஒரு கை. பாதி ஜன்னல். மீதியெல்லாம் சாம்பல் நிறப் பட்டை.

ஒன்றில் பள்ளிக்கூடச் சீருடை போட்ட தோள் இருந்தது. கழுத்துக்கு மேலே சாம்பல் நிறம்.

"பாருடி, இந்த ஊக்கப் பாரு. தாவணி நிக்காதுன்னு நான்தான் குத்திவுட்டேன். இது திவ்யாதான்."

யாருடைய தோளாகவும் இருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பெண்கள் அப்படி ஊக்கு குத்திக்கொண்டு போனார்கள். நான் ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் மத்தியானம் தோறும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பாள்.

"புயலுக்கு மறுநா, மரத்து மேல உக்காந்திருந்தாளே. அந்தப் படத்த நீ பாத்தல்ல?"

"பாத்தேன்க்கா."

"எப்பிடி இருந்தா? சொல்லு."

தலையில் இலை இருந்தது என்பேன். ஒரு கை வயிற்றில், ஒரு கை மரத்தில். கண் தெரியவில்லை. தெத்துப்பல் முழுக்கத் தெரிந்தது.

"தல பின்னால சாஞ்சிருந்துச்சா, முன்னாலயா?"

பின்னால் என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். சொல்லிச் சொல்லி, நான் பார்த்தது எது, என் வாயில் வந்தது எது என்று எனக்கே பிரியாமல் போயிற்று. ஒரு நாள் இடது கை என்றும் இன்னொரு நாள் வலது கை என்றும் சொல்லியிருக்கிறேன் போல. "நேத்து வேற மாரி சொன்னியே" என்றாள். பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை நேரம், "செல்வி, செல்வி" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தரை முழுக்கப் போட்டோக்கள். பீரோவின் அடித்தட்டில் கிடந்த பிலிம் காலத்துக் கவர்களை எல்லாம் கொட்டியிருந்தாள். ஆல்பத்தில் ஒட்டாமல் ஒதுக்கியவை. தூக்கிப்போட மனசு வராமல் கவரிலேயே கிடந்தவை. பொக்கை வாயைத் திறந்து அலறுகிற குழந்தை. ஆடியதால் பிசிறடித்த முகம். பாதித் தலை. மூக்கு ஒழுகிக்கொண்டு சோற்றுத் தட்டைக் கவிழ்க்கிற திவ்யா. முன்பல் விழுந்த ஓட்டையில் நாக்கை விட்டுச் சிரிக்கிற திவ்யா.

"பாருடி, எப்பிடி அழுவறா பாரு! ஐயோ, சளியப் பாரேன்!"

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்து, வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். வரிசை இரண்டாம் வகுப்பு யூனிபார்மில் வந்து நின்றது. அதற்கு மேல் கவர் இல்லை. வெறும் கவரையும் உதறிப் பார்த்தாள்.

"இதோட முடிஞ்சிச்சி" என்றாள். "இதுக்கப்புறம் என் பொண்ணு இல்ல. நான் சொல்லி நின்னவதான் இருக்கா."

டிஜிட்டல் கேமராவை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டாள். பழைய பிலிம் கேமராவைத் துடைத்து எடுத்தாள். மெயின் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பையனிடம் போய்ச் சென்னையிலிருந்து ரோல் வரவழைத்துத் தரச் சொன்னாள். கழுவுவதற்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும். அவன் பாவம், மறுப்புச் சொல்லாமல் செய்து கொடுத்தான்.

"எதுக்குக்கா இப்போ போயி பிலிம்?" என்று கேட்டேன்.

"இதுல அழிக்க முடியாதுல்ல."

பழையபடி விசேஷங்களுக்குக் கேமராவோடு போனாள். யாரையும் நில் என்று சொல்லவில்லை, திரும்பு என்று சொல்லவில்லை. எங்கள் வரிசையில் ஒரு டீச்சர் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. வாரங்கள் கழித்துப் படம் வந்தது. மகள் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எத்தனை வருஷமா எடுக்கறீங்க. எம் பொண்ண இப்படியா எடுப்பீங்க? அவங்க வீட்டுக்கு இத எப்படிங்க அனுப்பறது?"

"வச்சுக்குங்க டீச்சர். ஒண்ணயும் கிழிச்சிராதீங்க."

டீச்சர் எல்லோர் முன்னாலும் அந்த ஒன்றை நாலாகக் கிழித்துப் போட்டார். அக்கா குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன் பிறகு யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பாத வீட்டுக்கு அவளும் போகவில்லை.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவளைப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்ப்புறம் பார்த்தேன். மணி அடித்துப் பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தியின் தோளில் ஒருத்தி இடித்து, சிரித்து, சைக்கிள் சாய்ந்து, மறுபடி சிரித்து. அக்கா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அன்று வந்துவிட்டாள். ஆனால் மறுநாள் போயிருக்கிறாள். அதற்கு மறுநாளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் பைக்கில் வந்து அவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"வயசுப் பொண்ணுங்கள எதுக்கு சார் தினமும் போட்டோ எடுக்கறாங்க? எம் பொண்ணு பயந்துபோயி ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறா."

அண்ணாச்சி பனியனோடு வந்து கைகூப்பி நின்றார். "மன்னிச்சிருங்க சார், இனிமே வராது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "சிரிச்சிகினு வந்தா, அதான்" என்றாள். அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது. யாரோ காதில் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார்.

அன்றைக்கே அண்ணாச்சி கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. சாப்பிடுவதை விட்டாள். தலை வாருவதை விட்டாள். வாசலில் கோலமே இல்லை. அவர் ஷிஃப்டுக்குப் போகும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளோ, வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தாள். கடைசியில் அவரேதான் பீரோவைத் திறந்தார். நான் சுண்டைக்காய்க் குழம்பு கொண்டுபோயிருந்தேன், அதனால் என் காதில் விழுந்தது.

"இந்தா. எடு. வெளிய யாரையும் எடுக்காத. என்னைய எடு."

அவருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கல்யாண ஆல்பத்தில்கூட முறைத்துக்கொண்டுதான் இருப்பார். சுரங்கத்தில் பெரிய எந்திரம் ஓட்டுகிறவர், அந்தப் புழுதியோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது எடுப்பாள். சாப்பிடும்போது, முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது, வாய் திறந்து தூங்கும்போது எடுப்பாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். "நீங்க பாட்டுக்கு இருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்பாள் அவளும்.

வந்த படங்களை என்னிடம் காட்டுவாள். களைத்த, வற்றிய, எங்கேயோ பார்க்கிற ஒரு மனிதர். ஒவ்வொன்றாக வேகமாகத் தள்ளிக்கொண்டே போவாள். எதைத் தேடுகிறாள் என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. அவர் சிரித்தால் அந்தப் பல் வெளியே வரும். கண் இரண்டும் காணாமல் போகும். திவ்யா இருந்தவரை அந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தால் எது யார் குரல் என்று தெரியாது.

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருமுறை என்னிடம், "என்னாத்தம்மா சிரிக்கறது, நீயே சொல்லு" என்றார்.

வருடங்கள் இப்படியே போயின. அவர் ரிட்டயர் ஆகும் நாள் வந்தது. நகரியத்தின் வழக்கப்படி, கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வேனில் ஏற்றி, வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். இருபது முப்பது பேருக்குக் காபி போட வேண்டும் என்று நான் அவர்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வேன் சத்தம் கேட்டதும் அக்கா கேமராவில் முடிந்துபோன ரோலை எடுத்துவிட்டுப் புதியதை அவசர அவசரமாகப் போட்டு மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

வாசலில் ஒரே பேச்சும் இரைச்சலுமாக இருந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவிலிருந்து ஒரு சிரிப்பு தனியாக எழுந்தது. என் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. திவ்யா என்றுதான் ஒரு நொடி நினைத்தேன்.

அக்கா சமையலறைக்குள் ஓடி வந்தாள். கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"சிரிச்சாருடி! கண்ணே தெரியல. பல்லு பூரா தெரிஞ்சிச்சி. அப்பிடியே அவதான். அப்பிடியே அவதான் செல்வி. எடுத்துட்டேன்! ரெண்டு மூணு எடுத்துட்டேன்!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே ஆட்கள் காபிக்குக் காத்திருந்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போதும் அவள் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நெல்லிக்குப்பத்தில் அண்ணாச்சியின் அப்பா கட்டிய வீடு இருந்தது, அங்கே போவதாக ஏற்பாடு. மூட்டை கட்டுகிற வேலைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மறுபடி கோலம் போட்டாள். கழுவப் போன ரோல் வந்ததும் அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று, பீரோவுக்குப் பின்னால் கிடந்த பிரேமை வெளியே எடுத்து, பழைய படத்தை உருவிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தாள்.

ஸ்டுடியோக்காரப் பையன் தானே நேரில் வந்தான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். பிறகு வந்து ஒரு கவரைக் கொடுத்தான்.

"ரோல் கேமரா சக்கரத்துப் பல்லுல மாட்டலக்கா. உள்ளயே சுத்தாம நின்னுருக்கு. நம்பர் மட்டும் ஓடிருக்குது. ஒண்ணுமே விழல."

அவள் கவரிலிருந்து நெகட்டிவை எடுத்தாள். கண்ணாடி போல வெறுமையாக இருந்தது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தாள். அவள் பின்னால் நின்ற எனக்கு அதன் வழியே எங்கள் வீட்டுச் சுவரும் முருங்கை மரமும் தெளிவாகத் தெரிந்தன.

"நான் அழிக்கலயே தம்பி" என்றாள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க."

"இல்ல, நான் ஒண்ணும் அழிக்கல."

என்னிடம் திரும்பி அதையே சொன்னாள். கயிறும் கையுமாக உள்ளே வந்த அண்ணாச்சியிடமும் சொன்னாள். அவர் அந்த வெற்றுச் சுருளை வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் கட்டிவைத்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் லாரி வந்தது, போய்விட்டார்கள். போன் பண்ணினால் அவர்தான் எடுப்பார். நல்லாத்தான் இருக்கா என்பார். அடுத்த வருடம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நெல்லிக்குப்பத்தில் இறங்கி அவர்களைப் பார்க்கப் போனேன். அக்கா காபி போட்டுக் கொடுத்தாள். என் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் எதுவும் இல்லை. கேமரா என் கண்ணில் படவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அண்ணாச்சி பஸ் ஸ்டாப் வரை வந்தார். சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை போகட்டும் என்று ஓரமாக நின்றோம்.

"டெய்லி ஒருவாட்டி கேக்கறாம்மா" என்றார். "அன்னிக்கு சிரிச்சீங்கல்ல, அந்த மாரி சிரிங்கன்னு. போட்டோலாம் எடுக்கறதில்ல. சும்மா எதிர்க்க உக்காந்து பாக்கறதுக்கு."

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?"

"சிரிப்பேன். பல்லக் காட்டுவேன். கொஞ்ச நேரம் பாத்துகினு இருப்பா. அப்பறம் எழுந்து உள்ள பூடுவா."

டிராக்டர்கள் போய் முடிந்தன. அவர் நகரவில்லை.

"ஏம்மா செல்வி, அன்னிக்கு வாசல்ல யாரோ என்னமோ சொன்னாங்கல்ல, அதுக்குத்தான நான் சிரிச்சேன்? என்னா சொன்னாங்க? நீ அங்க இருந்தல்ல?"

நான் சமையலறையில் இருந்தேன். சிரிப்புதான் என் காதில் விழுந்தது, பேச்சு விழவில்லை. அதைச் சொன்னேன்.

"கூட வந்தவங்க யார்ட்டயாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேம்மா. ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல."